காற்றின் வழி அறிந்து வீடு கட்டுவோம்

கனடாவிலோ லண்டனிலோ வாழும் எமது உறவுகள் புதிய வீடொன்றுக்குக் குடிபுகும் வேளையில், அந்த வீட்டுக்கு ஒரு சோதனை செய்யப்படுவது உண்டு. யன்னல்கள் எல்லாவற்றையும் பூட்டிவிடுவார்கள். வாசற்கதவைத் திறந்து, அந்த இடத்தைத் துணி போன்ற ஒரு திரையால் இறுக்கமாக மூடி, அதன் நடுவில் பெரிய விசிறி ஒன்றைப் பொருத்துவார்கள். விசிறி வீட்டுக்குள் இருக்கும் காற்றை வெளியே இழுக்கும். இடுக்குகளினூடாக வெளிக்காற்று எவ்வளவு உள்ளே புகுகின்றது என்பதை ஒரு கருவி கணக்கிட்டுச் சொல்லும். குறைவாகப் புகுந்தால் வீடு நல்ல வீடு. கூடுதலாகப் புகுந்தால் இடுக்குகளை அடைக்க வேண்டும்.

திருகோணமலை மாவட்டத்தில் தகரக் கொட்டிலிலும், அரைகுறையாய் நிற்கும் கல்வீட்டிலும் வாழ்ந்துகொண்டு, இழந்த வயலை மீண்டும் உழத் தொடங்கியிருக்கும் எமது குடும்பங்களுக்கு இந்தச் செய்தியால் என்ன பயன் என்று கேட்கத் தோன்றும். பயன் உண்டு. அந்த நாட்டவர் வீட்டைக் காற்றுப் புகாமல் அடைக்கிறார்கள் என்பதிலே எமக்குப் பாடம் இல்லை. அடைப்பதற்கு முன்பு காற்று எங்கே போகின்றது என்று சோதித்து அறிகிறார்களே, அதிலேதான் பாடம் இருக்கின்றது. அந்தச் சோதனையை ஒரு ஊதுபத்தியைக் கொண்டு எமது வீட்டிலும் செய்யலாம். எப்படிச் செய்வது, முடிவை வைத்து என்ன செய்வது என்பதையே இக்கட்டுரையில் நோக்குவோம்.

குளிர்நாட்டின் கணக்கு

1973 ஆம் ஆண்டு உலகில் எண்ணெய் விலை திடீரெனப் பல மடங்காக ஏறியது. குளிர்காலம் முழுவதும் எண்ணெயும் எரிவாயுவும் எரித்து வீட்டைச் சூடாக்க வேண்டிய நாடுகள் தடுமாறின. எரிபொருளுக்குக் கொடுத்த பணத்தில் பெரும்பங்கு கதவிடுக்கு, யன்னலிடுக்கு, கூரையிடுக்கு வழியாக வெளியே போய்க்கொண்டிருந்தது என்பது அப்போதுதான் பலருக்கும் உறைத்தது. ஆனால் எந்த இடுக்கு, எவ்வளவு என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியவில்லை. ஆகவே 1970களில் சுவீடன் நாட்டில் யன்னலிலே விசிறி பொருத்திச் சோதிக்கும் முறை உருவானது. அமெரிக்காவின் பிரின்ஸ்ரன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அந்த விசிறியைக் கதவுக்கு மாற்றினார்கள். அதே காலத்தில், 1977 இல், கனடாவின் றெஜைனா நகரில் காற்றுக் கசிவை மிகவும் குறைத்துக் கட்டப்பட்ட ஒரு மாதிரி வீடு உலகின் கவனத்தை ஈர்த்தது.

சோதனையின் கணக்கு கடினமானது அன்று. விசிறி ஓடும்போது உள்ளுக்கும் வெளிக்கும் இடையே 50 பஸ்கல் அழுத்த வேறுபாடு உண்டாக்கப்படும். இது 5 மில்லிமீற்றர் உயரமான நீர் தரும் அழுத்தம். பலமான காற்று சுவரில் மோதுவதற்குச் சமம் எனலாம். அப்போது மணிக்கு எத்தனை கன மீற்றர் காற்று கசிகின்றது என்று அளந்து, வீட்டின் கொள்ளளவால் வகுப்பார்கள். 300 கன மீற்றர் கொள்ளளவுள்ள வீட்டில் மணிக்கு 1,500 கன மீற்றர் கசிந்தால், வீட்டுக் காற்று மணிக்கு 5 தடவை முழுதாக மாறுகின்றது என்பது பொருள். பழைய வீடுகளில் இது 10 ஐத் தாண்டுவதும் உண்டு. ஜேர்மனியின் டார்ம்ஸ்டட் நகரில் 1991 இல் கட்டி முடிக்கப்பட்ட வீடுகளிலிருந்து வளர்ந்த மிகக் கண்டிப்பான அளவுகோல் 0.6 தடவைக்கு மேல் விடாது. இங்கிலாந்தில் 2006 முதல் புதிய வீடுகளுக்கான கட்டட விதிகளிலும் இந்தச் சோதனை இடம்பெற்றது.

மூடியதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். இடுக்குகளை அடைத்த வீடுகள் சிலவற்றில் சுவரில் ஈரம் கோத்துப் பூஞ்சணம் பிடித்தது. சமையலின் ஆவியும் மனிதர் விட்ட மூச்சும் வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கின. அதனால் அந்நாட்டவர் இரண்டாவது பாடத்தையும் கற்றார்கள். இப்போது இறுக்கமாக மூடிய வீட்டுக்குள் நல்ல காற்றை அளவாகக் கொண்டுவந்து, பழைய காற்றை வெளியேற்றுவதற்கென்றே இயந்திரம் பொருத்துகிறார்கள். வெளியேறும் காற்றின் சூட்டை உள்ளே வரும் காற்றுக்குக் கொடுக்கும் இயந்திரங்களும் உண்டு. ஆக, அவர்களுடைய வீட்டுக்கும் மூச்சு வேண்டும். அந்த மூச்சு இடுக்கு வழியாக வராமல், தாங்கள் வைத்த வழியாக வரவேண்டும் என்பதே அவர்களது ஏற்பாடு.

எமது மண்ணின் கணக்கு

எமது மாவட்டத்தில் வீட்டைச் சூடாக்கும் தேவை ஒருநாளும் இல்லை. மே தொடக்கம் ஆகஸ்ட் வரை பகல் வெப்பம் 34, 35 பாகை வரை ஏறுகின்றது. மேற்கிலிருந்து கச்சான் காற்று வறட்டு வெக்கையுடன் வீசுகின்றது. மாரியிலே வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து மழையை அடித்துக்கொண்டு வருகின்றது. இங்கே வீட்டுக்குள் அடைபடும் சூடுதான் எமது பகை. அதை வெளியேற்றும் காற்றே எமது துணை.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 10 அடி நீளம், 10 அடி அகலம், 9 அடி உயரமான ஓர் அறையில் ஏறத்தாழ 25 கன மீற்றர் காற்று இருக்கும். அதில் 5 பேர் உறங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவருக்கு விநாடிக்கு 10 லீற்றர் புதிய காற்று வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் 2021 இல் தந்த வழிகாட்டல். அப்படியானால் 5 பேருக்கும் மணிக்கு 180 கன மீற்றர் வேண்டும். அந்தச் சிறிய அறையின் காற்று மணிக்கு 7 தடவையாவது முழுதாக மாற வேண்டும் என்பதே இதன் பொருள். குறைந்தால் வெக்கை மட்டுமா கூடும்? ஒருவருக்கு இருக்கும் சளியும் இருமலும் மற்றவருக்குத் தொற்றும் வாய்ப்பும் கூடும். காசநோய் கூடுதலாகப் பரவுவது காற்றோட்டம் இல்லாத, ஆட்கள் நெருங்கி வாழும் இடங்களிலேதான். நலன்புரி நிலையங்களில் தறப்பாளுக்குக் கீழே வருடக்கணக்காக வாழ்ந்த எமது மக்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

மழைக்கும் கள்வருக்கும் பாம்புக்கும் பயந்து எல்லாத் துவாரங்களையும் அடைத்துவிடும் வழக்கம் இடம்பெயர்வினால் எமக்கு வந்த பழக்கங்களில் ஒன்று. பயந்து வாழ்ந்தவர்கள் அடைப்பது இயல்பே. அதற்காக யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் பயம் கட்டிய வீட்டிலேயே பிள்ளைகள் வளர வேண்டும் என்பதில்லை.

உருக்கு வீடு தந்த பாடம்

2016 ஆம் ஆண்டு, போரினால் வீடிழந்த வடக்கு கிழக்குக் குடும்பங்களுக்கென 65,000 உருக்கு வீடுகளை அமைக்கும் திட்டம் ஒன்று முன்வைக்கப்பட்டதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். தொழிற்சாலையில் செய்த பாகங்களைக் கொண்டுவந்து பொருத்தும் வீடு அது. ஒரு வீட்டுக்கு ஏறத்தாழ 21 இலட்சம் ரூபா செலவு சொல்லப்பட்டது. அதற்கு முன்பு, 2012 ஒக்டோபரில் தொடங்கிய இந்திய வீடமைப்புத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு 5,50,000 ரூபா கொடுக்கப்பட்டு, குடும்பத்தினரே முன்னின்று கல்வீடு கட்டினார்கள் என்பதை இதனுடன் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

கட்டடப் பொறியியலாளர்களும் சிவில் அமைப்புகளும் மக்கள் பிரதிநிதிகளும் அத்திட்டத்தை எதிர்த்தார்கள். செலவு மட்டும் அவர்களது காரணமாக இருக்கவில்லை. எமது வெக்கைக்கு அந்த வீடு ஏற்றதா, காற்றோட்டம் போதுமா, விறகடுப்பு வைக்கும் குடும்பம் அதில் எப்படிச் சமைக்கும், உடைந்தால் ஊர் மேசனால் திருத்த முடியுமா, பிள்ளை பெரிதானால் ஓர் அறை சேர்த்துக் கட்ட முடியுமா என்ற கேள்விகள் எழுந்தன. 65,000 வீடுகள் என்ற அந்தத் திட்டம் நிறைவேறவில்லை. ஆனால் அந்தக் கேள்விகள் இன்றும் உயிருள்ளவை. எவர் எந்த வீட்டைத் தந்தாலும், எந்தப் படத்தைக் காட்டினாலும், இந்த வீட்டுக்குள் காற்று எந்த வழியால் வந்து எந்த வழியால் போகும் என்று கேட்கும் உரிமை அதில் வாழப்போகும் குடும்பத்துக்கு உண்டு.

மின்சாரமும் காணியும்

வெக்கைக்கு விசிறி போட்டால் தீர்ந்ததே என்று சிலர் சொல்வர். விசிறி நல்லது. ஆனால் சூடான கூரைக்குக் கீழே வழியின்றி நிற்கும் காற்றைச் சுழற்றுவதால் அறையின் சூடு வெளியேறாது. மாத முடிவில் மின்பட்டியல் மட்டும் வரும்.

இதிலே எமது மாவட்டத்து மக்கள் மறக்கக் கூடாத வேறொரு செய்தியும் உண்டு. 2006 ஏப்ரல் இறுதியில் சம்பூர் மக்கள் எறிகணைக்கும் குண்டுவீச்சுக்கும் தப்பி ஊரை விட்டு ஓடினார்கள். பின்னர் கிளிவெட்டி, பட்டித்திடல், மணற்சேனை, கட்டைபறிச்சான் முகாம்களில் வருடக்கணக்காகக் காத்திருந்தார்கள். அவர்களது ஊர்ப் பகுதியிலேதான் 500 மெகாவாற் நிலக்கரி அனல்மின் நிலையம் திட்டமிடப்பட்டது. 2015 மே மாதம் 818 ஏக்கர் காணி தொடர்பான வர்த்தமானி அறிவித்தல் நீக்கப்பட்ட பின்னரே மக்கள் திரும்பும் வழி திறந்தது. 2016 இல் நிலக்கரித் திட்டம் கைவிடப்பட்டது. இப்போது சம்பூரில் 120 மெகாவாற் சூரிய மின் நிலையம் அமைக்கும் வேலை 2025 ஏப்ரலில் ஆரம்பித்து வைக்கப்பட்டிருக்கின்றது.

மின்சாரம் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. பாடசாலைப் பிள்ளையின் மேசைக்கு விளக்கு வேண்டும். வயலுக்கு நீர் இறைக்கும் பம்பி வேண்டும். ஆனால் வீணாகும் ஒவ்வோர் அலகு மின்சாரமும் எங்கோ ஒரு மின் நிலையத்திலிருந்து வருகின்றது. அந்த மின் நிலையம் யாரோ ஒருவருடைய காணிக்குப் பக்கத்தில் நிற்கின்றது. காணியை இழந்து அறிந்தவர்களுக்கு, சக்தியைச் சிக்கனமாகப் பாவிப்பது என்பது பணக்கார நாட்டின் நாகரிகமாகத் தோன்றாது. காற்று இலவசமாகச் செய்யும் வேலையைக் காற்றுக்கே விடுவோம்.

ஊதுபத்திச் சோதனை

குளிர்நாட்டவரும் பெரிய விசிறி இல்லாதபோது ஊதுபத்தியைக் கொளுத்திக் கதவிடுக்கில் பிடித்துப் பார்ப்பதுண்டு. புகை ஆடினால் கசிவு. நாம் அதே ஊதுபத்தியை எதிர்ப்பக்கமாகப் பாவிக்கலாம். எமது வீட்டில் புகை ஆடாத இடமே குறையுள்ள இடம்.

முதலாவது சோதனை: வழமைபோலக் கதவு யன்னல்களைத் திறந்து வையுங்கள். அடுப்பும் விசிறியும் ஓய்ந்திருக்கட்டும். ஒரு ஊதுபத்தியுடன் ஒவ்வோர் அறையிலும் நான்கு மூலையிலும் நடுவிலும் நில்லுங்கள். பாயில் படுத்திருப்பவரின் உயரத்திலும், நிற்பவரின் முகத்தின் உயரத்திலும் பிடித்துப் பாருங்கள். புகை எப்பக்கம் சாய்கின்றது என்று ஒரு பிள்ளையைக் கொண்டு கொப்பியில் வீட்டுப் படம் வரைந்து அம்புக்குறி போடச் சொல்லுங்கள். புகை நேரே மேலெழுந்து அங்கேயே சுழன்றுகொண்டு நின்றால் அந்த மூலையில் காற்று செத்துக் கிடக்கின்றது. காலையிலும், பின்னேரத்திலும், இரவு படுக்கும் முன்பும் என மூன்று வேளை பாருங்கள். இரவுச் சோதனையின்போது, இரவில் பூட்டும் கதவு யன்னலைப் பூட்டிவிட்டே பார்க்க வேண்டும். உறங்கும் எட்டு மணித்தியாலம் எப்படி இருக்கின்றது என்பதை அதுவே காட்டும்.

இரண்டாவது சோதனை: ஒரு சிரட்டையளவு தணலில் சிறிது சாம்பிராணி போட்டு அறையைப் புகையால் நிரப்புங்கள். பின் தணலை வெளியே எடுத்துவிட்டு, இரவில் இருப்பதுபோலக் கதவு யன்னலை வைத்துக்கொண்டு நேரத்தைப் பாருங்கள். காற்று மணிக்கு 6 தடவை மாறும் அறையில், அரை மணித்தியாலத்தில் புகை இருபதில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். மணிக்கு ஒரு தடவை மட்டும் மாறும் அறையில் அதே அளவுக்குக் குறைய 3 மணித்தியாலம் ஆகும். எனவே அரை மணியில் அறை தெளிந்தால் நல்லது. ஒரு மணி கடந்தும் மூட்டமாக நின்றால் அந்த அறைக்குத் துவாரம் போதாது. சோதனையின்போது பிள்ளைகளையும் முட்டு வருத்தக்காரரையும் வெளியே இருத்துங்கள். கிடுகுக் கூரைக்குக் கிட்டத் தணலைக் கொண்டுபோக வேண்டாம்.

மூன்றாவது சோதனை: ஒரு நீளக் கம்பில் ஊதுபத்தியைக் கட்டி, நடுப்பகலில் கூரை முகட்டுக்குக் கீழே உயர்த்திப் பாருங்கள். சூடான காற்று இலேசானது. அது மேலேயே போகும். முகட்டருகில் துவாரம் இருந்தால் புகை அதை நாடி ஓடும். இல்லாவிட்டால் சூடான காற்று ஒரு தலையணைபோல முகட்டுக்குக் கீழே தங்கி, பின்னேரமானதும் எமது தலைக்கு மேல் இறங்கும்.

முடிவை வைத்துச் செய்ய வேண்டியவை

காற்றுக்கு நுழைவாசலும் வேண்டும், வெளிவாசலும் வேண்டும். ஒரு சுவரில் பெரிய யன்னல் வைத்து எதிர்ச்சுவரில் ஒன்றும் இல்லாவிட்டால் காற்று யன்னலடியிலேயே நின்றுவிடும். பெரிய யன்னல் ஒன்றை விட, எதிரெதிரே இரண்டு சிறிய யன்னல்கள் கூடுதலாக வேலை செய்யும். எதிர்ச்சுவரில் வைக்க முடியாவிட்டால் பக்கச் சுவரில் வைக்கலாம். உள்ளே வரும் வழி தாழவும், வெளியேறும் வழி உயரவும் இருப்பது சிறப்பு.

முகட்டின் இரு பக்க முக்கோணச் சுவரிலும் ஓட்டைக் கற்கள் வைத்துக் கட்டுங்கள். கல் வாங்கப் பணம் இல்லையாயின், செங்கல்லையே இடைவெளி விட்டு அடுக்கிக் கட்டலாம். கேரளத்தில் வாழ்ந்து மறைந்த கட்டடக் கலைஞர் லோறி பேக்கர் இப்படி இடைவெளி விட்ட செங்கற் சுவர்களை ஏழைகளின் வீட்டிலும் பெரிய நிறுவனங்களிலும் கட்டிக் காட்டினார். துவாரம் விட்ட இடத்தில் கல் மிச்சம். அதனால் செலவும் குறைவு. கூரை அஸ்பெஸ்ரஸ் தகடாயின் அதைத் துளைக்கவோ அறுக்கவோ வேண்டாம். அதன் தூசி நுரையீரலுக்குப் பெருந்தீங்கு செய்யும். துவாரத்தைச் சுவரிலேயே வையுங்கள்.

தகரக் கூரைக்குக் கீழே இருப்பவர்கள், தகரத்துக்கு மேல் கிடுகு பரப்புவதாலோ, உள்ளே பனையோலைப் பாயால் தட்டி கட்டுவதாலோ சூட்டைப் பெருமளவு குறைக்கலாம். தட்டிக்கும் தகரத்துக்கும் இடையே காற்று ஓட இரு முனையிலும் வழி விடவேண்டும். அடுப்புக்கு மேலே மட்டும் ஓலை வேண்டாம்.

குசினிக்கு இரட்டைக் கவனம் வேண்டும். வீட்டுக்குள் விறகு முதலியன எரிப்பதால் உண்டாகும் புகையினால் 2020 இல் உலகில் 32 இலட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணித்திருக்கின்றது. அடுப்படியில் நிற்பவர் தாய். அவர் இடுப்பில் இருப்பது கைக்குழந்தை. குசினியில் ஊதுபத்தியைப் பிடித்து, புகை வீட்டுக்குள் வருகின்றதா வெளியே போகின்றதா என்று பாருங்கள். வீட்டுக்குள் வந்தால், அடுப்பை வெளிச்சுவர்ப் பக்கம் மாற்றி, அதற்கு நேர் மேலே புகைபோக்கி வையுங்கள். முடியாவிட்டால் கூரையை ஒரு முழம் உயர்த்தி இடைவெளி விடுங்கள். இந்நாட்டிலே 1980களில் உருவாக்கப்பட்டு ஊரெங்கும் விற்கப்படும் ‘அனகி’ மண்ணடுப்பு, மூன்று கல்லடுப்பை விடக் குறைந்த விறகில் இரண்டு பாத்திரத்தைச் சூடாக்கும். விறகு குறைந்தால் புகையும் குறையும், காட்டுக்குப் போகும் நடையும் குறையும்.

எழும் கேள்விகள்

‘சுவாமி, துவாரம் விட்டால் வாடைக்கு மழை அடிக்காதா?’ என்பது முதற்கேள்வி. அடிக்கும். ஆகவே வடகிழக்குப் பக்கத்தில் தாழ்வாரத்தை 2 அடிக்குக் குறையாமல் நீட்டுங்கள். அல்லது துவாரத்தைச் சாய்வான பலகைகளால் மறையுங்கள். காற்று வரும், தண்ணீர் வராது. புயலுக்கு அஞ்ச வேண்டியது துவாரத்தை அல்ல, கட்டப்படாத கூரையையே. 1964 டிசம்பரில் எமது மாவட்டத்தைத் தாக்கிய புயலைப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். கூரை மரத்தைச் சுவரோடு இரும்புப் பட்டியால் இறுக்கிக் கட்டுங்கள்.

நுளம்புக்கும் பாம்புக்கும் என்ன செய்வது? துவாரத்துக்குக் கம்பி வலை அடியுங்கள். மெல்லிய வலை காற்றின் ஒரு பங்கைத் தடுக்கும்; ஆகவே துவாரத்தைச் சற்றுப் பெரிதாக வையுங்கள். நுளம்பை விரட்ட மூடிய அறைக்குள் கரியோ சிரட்டையோ எரித்துவிட்டு உறங்க வேண்டாம். அதிலிருந்து வரும் காபன் மோனொட்சைட் என்ற வாயுவுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. உறக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும்.

கச்சான் வீசும்போதும் திறந்து வைப்பதா? இங்கேதான் சோதனை அறிவு உதவும். கல்வீட்டின் உள்ளே வெளியிலும் பார்க்கக் குளிராக இருக்கும் மத்தியானத்தில், மேற்கு யன்னலைச் சாத்திவிட்டுப் பின்னேரம் திறப்பதே நல்லது. தகரக் கொட்டிலில் உள்ளேதான் கூடுதல் சூடு. அதை எந்நேரமும் திறந்தே வைக்க வேண்டும். குளிரூட்டி பொருத்திய அறை வைத்திருப்பவருக்கு மட்டும் குளிர்நாட்டுக் கணக்கே பொருந்தும். அவர் ஊதுபத்தியால் இடுக்கைக் கண்டு அடைக்கட்டும். ஆனால் இடைக்கிடை கதவைத் திறந்து புதிய காற்றையும் விடட்டும்.

காற்றுப் புகாமல் மூட வேண்டிய ஒன்று

எமது வீட்டில் உண்மையாகவே காற்றுப் புகக்கூடாத ஒரு பொருள் உண்டு. அது விதைநெல். பட்டறையும் கொம்பறையும் வைத்திருந்த எமது முன்னோர் மண்ணும் சாணமும் கொண்டு அவற்றை மெழுகி இடுக்கடைத்தார்கள். இறுக மூடிய பாத்திரத்துக்குள் இருக்கும் பூச்சிகள் அங்குள்ள ஒட்சிசனைத் தாமே உண்டு தீர்த்துவிட்டுப் பெருக முடியாமல் மடிகின்றன. வெளி ஈரமும் உள்ளே போவதில்லை. பிலிப்பைன்சிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் அறிமுகப்படுத்திய காற்றுப் புகாப் பை, விதையின் முளைதிறனை 6 மாதத்திலிருந்து 12 மாதத்துக்கு நீடிக்கச் செய்கின்றது. இடம்பெயரும் குடும்பம் கையோடு தூக்கிச் செல்லக்கூடிய செல்வமும் அதுவே.

இங்கும் சோதித்தே மூட வேண்டும். காய்ந்த கண்ணாடிப் போத்தலில் நெல்லும் காய்ந்த உப்புத்தூளும் போட்டுச் சில நிமிடம் குலுக்குங்கள். உப்பு போத்தலின் ஓரத்தில் ஒட்டினால் நெல்லில் ஈரம் 15 வீதத்துக்கு மேல், இன்னும் காயவேண்டும். 12, 13 வீதம் வரை காயவிட வேண்டும். ஈரமான நெல்லை இறுக மூடினால் விதை செத்துவிடும். பையாயின், அதில் காற்றை நிரப்பி வாயைக் கட்டித் தண்ணீருக்குள் அமுக்குங்கள். குமிழி வந்தால் ஓட்டை. கானாயின், மூடியைப் பூட்டி அதேபோல அமுக்குங்கள். கசியாத பாத்திரத்தை நன்றாகத் துடைத்துக் காயவைத்து, விதையைக் கழுத்துவரை நிரப்பி மூடுங்கள். அரைவாசி நிரப்பினால் மீதி இடத்துக் காற்று பூச்சிக்கு உதவியாகும்.

சங்கங்களுக்கு ஒரு வேண்டுகோள்

வீட்டு உதவி ஒரு குடும்பத்துக்கு வாழ்நாளில் ஒரு முறைதான் கிடைக்கின்றது. மேசன் யன்னல் மட்டத்துக்குச் சுவரை உயர்த்திய பின்பு துவாரத்தை நினைத்தால், உடைக்கும் செலவும் எமக்கே. ஆகவே கிராம அபிவிருத்திச் சங்கங்களும் மாதர் சங்கங்களும் கச்சான் காலத்தில் ஒரு நாளைத் தெரிந்து, ஊரில் ஏற்கனவே கட்டி முடிந்த நாலைந்து வீடுகளில் இந்த மூன்று சோதனைகளையும் செய்து பார்க்கட்டும். ஊர் மேசன்மாரையும் கூட அழைத்துக்கொள்ளுங்கள். செலவு ஒரு பெட்டி ஊதுபத்தியும் ஒரு பிடி சாம்பிராணியும் மட்டுமே. எந்த வீட்டில் புகை ஓடியது, எந்த வீட்டில் நின்றது என்று பிள்ளைகள் வரைந்த படங்களைச் சங்கக் கட்டடத்தில் ஒட்டி வையுங்கள். அடுத்து அத்திவாரம் வெட்டப்போகும் குடும்பம் அந்தப் படங்களைப் பார்த்த பின்பு, தனது யன்னல் எங்கே வரவேண்டும் என்று மேசனிடம் சொல்லட்டும்.